ஏழாம் தேதிச் சரக்குப் பட்டியல்

மாதம் பிறந்து ஏழாம் நாள்
மூட்டை எண்ணுவேன்.
எண்ணியதைத் தட்டச்சு செய்து
செவ்வாய்ப்பேட்டைக் கிளையில் கொடுப்பேன்.
சரக்கு ஏறினால் எடுக்கும் தொகை ஏறும்.
சரக்கு இறங்கினால் மேனேஜரின் புருவம் ஏறும்.

கிடங்குச் சுவரில் நீல எழுத்து:
இங்குள்ள சரக்கு யாவும் வங்கிக்கு ஈடு.
எலியும் அதைக் கடந்துதான்
ஜவ்வரிசிக்கு வர வேண்டும்.

நாலு கோடியே இருபது லட்சம்.
வாழப்பாடி சாலையிலிருந்து பார்த்தால்
எங்கள் ஆலையில் உயரமாய்த் தெரிவது புகைபோக்கி.
உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும்,
அதைவிட உயரம் எதுவென்று.

"மூணாவது ஷிப்ட் யாருக்கு ஓடுது தெரியுமா, தில்லைக்கரசி?"
என்றார் அர்த்தநாரி, ஒரு நாள் கரண்ட் போன நேரம்.
கணக்குப் போட்டுச் சொன்னேன்:
வட்டி, நாளொன்றுக்குப்
பன்னிரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம்.
அதற்குத் தீபாவளி லீவும் இல்லை.

அதற்கப்புறம்
நாகலூரில் அவர் பங்குக் காப்பித் தோட்டம் போனது.
மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களோடு.
பத்திரம் பதிந்து மலை இறங்குகையில்
இருபது கொண்டை ஊசி வளைவிலும் பேசவில்லை.
இரண்டு லாரியில் ஒன்று போனது.
இந்தூர் வியாபாரிக்குத் தொண்ணூறு நாள் தவணை
நாற்பத்தைந்தானது; அவர் வேறு ஆலை பார்த்துக்கொண்டார்.
மச்சான் மாணிக்கவேல் தந்த கைமாற்றைப் பங்காக மாற்றினோம்.
மறுநாளே அவர்
டீச்செலவைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

பக்கத்து ஆலை கடனில் புது டிரையர் வாங்கியது.
ஐப்பசி மழையிலும் அவர்கள் அரிசி வெள்ளை.
எங்கள் களத்தில்
மேகம் பார்த்துப் பார்த்துப்
பழுத்தது எங்கள் சரக்கு.

இரண்டு வருடத்தில் இரண்டரைக் கோடிச் சில்லறை.
மேனேஜர் கை குலுக்கினார்.
அன்று மதியம் கருமந்துறையிலிருந்து
குள்ளாயி வந்து எடைமேடையில் உட்கார்ந்தாள்.
"பேங்குக் கடன் கொறைஞ்சு போச்சாமே.
எங்க கெழங்குக் காசு
எந்த பேங்குல இருக்குது?"

எடைமேடை அவளையும் நிறுத்துக்காட்டியது,
ஐம்பது கிலோ.
நான் பேரேட்டைப் புரட்டினேன்.
குச்சிக்கிழங்குக்காரர் பாக்கி
பன்னிரண்டு லட்சமாய் இருந்தது,
எண்பதாய் வளர்ந்திருந்தது.
வட்டி கேட்காத பணம்,
அதனால் யாரும் அதைக் கடனென்று கூப்பிடவில்லை.
கடன் பாதிதான் இறங்கியிருந்தது.
மீதி,
மாடியிலிருந்து கீழ்வீட்டுக்குக்
குடிமாறியிருந்தது.

இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதி
அர்த்தநாரியின் மேசையில் வைத்தேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு
மறுபடி படித்தார்.
"இத மொதல்லயே காட்டியிருக்கலாம் நீ."
காட்டியிருக்கலாம்.
எனக்கும் அந்தக் கைகுலுக்கல் பிடித்திருந்தது.

அந்த மாதம் வங்கிக் கடன் ஏறியது.
ஐம்பத்தைந்து லட்சம் எடுத்து
மலைக்காரர்களுக்குப் பட்டுவாடா.
மேனேஜரின் புருவத்துக்கு
நான் பதில் எழுதவில்லை.

ஆலைத் தொட்டியில் மாவு படிய ஓர் இரவு வேண்டும்.
பொறுக்காமல் மேல்தண்ணியைத் திறந்தால்
மாவும் சேர்ந்து வாய்க்காலில் போகும்.
காவேரிப்பட்டிப் பையன்களுக்கும் தெரிந்த விஷயம்.
எங்களுக்கு அது
தொட்டியில் மட்டும் தெரிந்திருந்தது.

இப்போது ஒரு கோடியே தொண்ணூறு.
கிழங்குக்குப் பதினைந்தாம் நாள் பணம்.
"லிமிட்டை ஏத்தித் தரட்டுமா" என்று
வாரம் ஒரு போன் வருகிறது,
கேட்டபோது வராத குரலில்.

போன வாரம் கிளையிலிருந்து கடிதம்:
கிடங்கு எழுத்து மங்கிவிட்டது,
உடனே புதுப்பிக்கவும்.
லீ பஜார் கடையில் நீலப் பெயிண்ட் கேட்டேன்.
பெரிய டப்பாவை எடுத்தார்.

சின்னதே போதும் என்றேன்.